தொழுவம் கற்பித்த பாடம்

மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. திருவள்ளுவர் கல்வி என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆள்கின்றார். கல்வி ஒன்றே ஒருவனுக்கு அழிவில்லாத செல்வம். மற்றவை செல்வம் ஆகா என்பது அக்குறளின் கருத்து. பள்ளியில் எங்கள் தமிழாசிரியர் இதனை நடத்திய அன்று எனக்குள் ஒரு சிறு மனத்தாங்கல் எழுந்தது. விடியற்காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு வந்த கைதான் பிற்பகலில் அக்குறளை ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தது. நான் எழுதிய ஏடும், எழுதுகோலும், உடுத்தியிருந்த சட்டையும் எங்கள் தொழுவம் தந்தவை. அப்படியிருக்க, கல்வியைத் தவிர வேறொன்றும் ‘மாடு’ இல்லை என்றால், எங்கள் வீட்டில் கட்டியிருப்பது என்ன? அந்த மனத்தாங்கல் பின்னர் எவ்வாறு தீர்ந்தது என்பதையே மாணவ அன்பர்களுக்குச் சொல்லப் புகுந்தேன்.

எங்கள் ஊர் வேங்கிக்கால். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில் நகரை ஒட்டி அமைந்தது. 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலை எங்கள் வாசலிலிருந்தே தெரியும். ஊருக்கு ஒரு பெரிய ஏரி உண்டு. எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. மழை நன்கு பெய்தால் நெல், இல்லையேல் மல்லாட்டை. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவோம். இரண்டு கறவைப் பசுக்கள், ஐந்தாறு வெள்ளாடுகள், பத்துப் பன்னிரண்டு நாட்டுக் கோழிகள், மணி என்றொரு நாய்: இவையும் நாங்கள் ஐவரும் சேர்ந்ததே எங்கள் குடும்பம்.

தொழுவத்துக்குத் தலைமை எங்கள் ஆயாவுடையது. பாட்டியை எங்கள் ஊர்களில் ஆயா என்றழைப்பது வழக்கம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், இருட்டில் ஒரு பசு பெருமூச்சு விட்டால் அது எந்தப் பசு, எதற்காக என்று படுக்கையிலிருந்தே சொல்லுவார். அவர் எங்களுக்குக் கற்பித்தவை யாவும் கட்டளைகளாகவே இருந்தன. இதைச் செய், அதைச் செய்யாதே என்பார், காரணம் சொல்லமாட்டார். “ஏன் ஆயா?” என்று கேட்டால், “அப்படித்தான்” என்பதே விடை. அந்தக் கட்டளைகளுக்குரிய காரணங்களை நான் பல ஆண்டுகள் கழித்துப் புத்தகங்களிலும், கால்நடை மருத்துவர்களின் வாயிலாகவும் அறிந்தேன். பெரும்பாலும் ஆயா சொன்னதே சரியாக இருந்தது. ஒன்றில் மட்டும் தவறியது. அந்த ஒன்று எங்களுக்கு ஓர் உயிரை விலையாகக் கேட்டது.

எங்கள் வீட்டுக் கடிகாரம் சுவரில் இல்லை, தொழுவத்தில் இருந்தது. காலை நாலரை மணிக்குச் செவலை ஒரு குரல் கொடுப்பாள். செவலை என்பது எங்கள் மூத்த பசுவின் பெயர், நிறமே பெயராயிற்று. அவள் ஜெர்சிக் கலப்பினம். அம்மா சாணத்தை வாரி எருக்குழியில் கொட்டித் தரையைக் கழுவுவார். நான் வெந்நீரால் மடியைத் துடைப்பேன். பிறகு கன்றை அவிழ்த்து விடுவோம். கன்று ஓடிப்போய் மடியை முட்டும். இரண்டு வாய் குடித்ததும் காம்புகள் தடித்து நிமிரும். “பால் இறங்கிவிட்டது, சீக்கிரம் கற” என்பார் ஆயா.

இதில் என்ன அவசரம்? மடியில் பால் இருந்தாலும் அது தானே காம்புக்கு வருவதில்லை. கன்று முட்டும்போதும், வெந்நீர்த் துணி படும்போதும் அந்த உணர்ச்சி நரம்பு வழியே மூளைக்குச் செல்கின்றது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பி ஆக்சிடோசின் என்ற இயக்குநீரை இரத்தத்தில் விடுகின்றது. அது மடியை அடைந்து, பாற்பைகளைச் சூழ்ந்த நுண்ணிய தசைகளைச் சுருங்கச் செய்கின்றது; பால் இறங்குகின்றது. இந்த இயக்குநீரின் வேகம் ஆறேழு நிமிடத்துக்குமேல் நில்லாது. அதற்குள் கறந்து முடிக்காவிட்டால் எஞ்சிய பால் மடியிலேயே தங்கிவிடும். பசுவை அடித்தாலும் அதட்டினாலும் அச்சத்தின்போது சுரக்கும் வேறோர் இயக்குநீர் இதனைத் தடுத்துவிடும். பசு பாலை அடக்கிக்கொண்டது என்று ஊரில் சொல்வது இதைத்தான். ஆகவே, தொழுவத்தில் உரக்கப் பேசக்கூடாது என்ற ஆயாவின் கட்டளை வெறும் மரியாதைக்காக ஏற்பட்டதன்று.

கறந்து முடித்ததும் அடுத்த கட்டளை பிறக்கும்: “தீனி போடு, படுக்க விடாதே.” வைக்கோலும் மல்லாட்டைக் கொடியும் கலந்து போடுவோம். பசு நின்றபடியே தின்னும். காம்பின் நுனியில் ஒரு சிறு துவாரம் உண்டு. கறந்தபின் அது முற்றிலும் மூடிக்கொள்ள ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். அதற்குள் பசு ஈரத் தரையில் படுத்துவிட்டால் சாணத்திலுள்ள கிருமிகள் துவாரத்தின் வழியே ஏறிவிடும், மடிநோய் தோன்றும். மடிநோய் கண்ட பசுவின் பால் திரிந்து கட்டி கட்டியாக வரும். கவனியாவிட்டால் காம்பே செத்துப்போகும். அரைமணி நேரம் நிற்க வைப்பதற்காக ஒரு கை வைக்கோல். இதனைவிட மலிவான மருந்து உலகில் இல்லை.

பாலை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு ஓடுவது என் வேலை. அங்கே பால்மானியை மிதக்கவிட்டும், கொழுப்பை அளந்தும் விலை போடுவார்கள். 1946ஆம் ஆண்டு குஜராத்தின் கேடா மாவட்டத்தில் எளிய உழவர்கள் சேர்ந்து தொடங்கிய பால் கூட்டுறவு, 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் வாயிலாக நாடெங்கும் பரவியது. உலகில் மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இன்று இந்தியாவே. ஆனால், அந்தப் பால் ஆயிரம் மாடுகள் நிற்கும் பெரும் பண்ணைகளிலிருந்து வருவதன்று. பெரும்பகுதி இரண்டும் மூன்றும் மாடு வைத்திருக்கும் வீடுகளிலிருந்தே வருகின்றது. சங்கத்து வரிசையில் செம்போடு நிற்கும்போது இது எனக்குத் தெரியாது. குளிர்தான் தெரியும்.

பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது ஆடுகள் கத்திக்கொண்டிருக்கும். பசி. ஆனால் புல்லில் பனி இருக்கும்வரை அவற்றை அவிழ்க்க ஆயா இசையமாட்டார். பள்ளிக்கு நேரமாகிறதே என்று நான் திருட்டுத்தனமாக அவிழ்த்துவிட்டு அடி வாங்கியதும் உண்டு. இதன் காரணம் நுட்பமானது. ஆட்டின் குடலில் வாழும் உருளைப் புழுக்களின் முட்டைகள் புழுக்கையோடு வெளிவந்து தரையில் பொரிக்கின்றன. அந்தக் குஞ்சுப் புழுக்கள் பனிநீர்ப் படலத்தின் மீது நீந்திப் புல்லின் நுனிக்கு ஏறுகின்றன. வெயில் ஏறிப் பனி உலர்ந்ததும் அடித்தூருக்கு இறங்கிவிடுகின்றன. விடியலில் மேயும் ஆடு புல்லோடு புழுவையும் தின்கின்றது. சில மாதங்களில் அது இரத்தம் குன்றித் தாடையின் கீழ் நீர் கோத்து நிற்கும். ஆயா அந்தப் புழுவைக் கண்டவர் அல்லர். பனியில் மேய்ந்த ஆடு மெலிவதைக் கண்டவர். நோயை அறியாமலே நோயின் வழியை அறிந்திருந்தார்.

ஆடு எங்கள் வீட்டின் சேமிப்பு வங்கி. பால் அன்றாடச் செலவுக்கு; முட்டை அவசரத்துக்கு; ஆடு பெருஞ்செலவுக்கு. ஐந்து மாதச் சினையில் ஒன்றோ இரண்டோ குட்டி ஈனும். அகத்தியும், கிளுவையும், கருவேலங் காயும் தின்று வளரும். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு மூன்று கிடாய்கள் சந்தைக்குப் போயின. அவற்றை ஓட்டிச் சென்றவன் நானே. அவற்றின் விலை என் கையிலிருந்த விண்ணப்பத்தின் கட்டணம் என்பது எனக்குத் தெரியும். அன்று மாலை தொழுவத்துப் பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை. விலங்குகளோடு வாழும் வீட்டில் அன்பும் விலையும் ஒரே கயிற்றில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. இதை மறைத்துப் பேசுவது முறையன்று.

நண்பகலில் தொழுவம் அமைதியாகிவிடும். பசுக்கள் வேப்பமரத்து நிழலில் கண்ணை அரைக்கண் மூடிப் படுத்து அசைபோடும். “அசைபோடாத மாட்டைப் பார்” என்பது ஆயாவின் மற்றொரு கட்டளை. நாம் காய்ச்சலைக் கண்டறிய நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல, அவர் மாட்டின் தாடையைப் பார்ப்பார். பசுவின் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. முதல் அறை ஒரு பெரிய நொதித்தொட்டி. வைக்கோலைச் செரிக்கும் ஆற்றல் பசுவுக்கே இல்லை. அந்தத் தொட்டியில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களே அதனைச் செரித்துக் கொடுக்கின்றன. பசு ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் அசைபோடுகின்றது. அப்போது ஊறும் உமிழ்நீர் தொட்டியிலுண்டாகும் புளிப்பை மாற்றி நுண்ணுயிர்களைக் காப்பாற்றுகின்றது. நாம் பசுவுக்குத் தீனி போடுவதாக எண்ணுகின்றோம். உண்மையில் அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களுக்கே போடுகின்றோம்.

இந்த உண்மையை அறியாமையால் ஆண்டுதோறும் ஒரு தீங்கு நேர்கின்றது. மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியால் மாட்டுக்கு வயிறு நிறையப் பொங்கலும் சோறும் ஊட்டுவார்கள். சோற்றிலுள்ள மாவுப்பொருள் விரைவில் புளித்து அமிலமாகின்றது. நுண்ணுயிர்கள் மடிகின்றன. மறுநாள் மாடு அசைபோடாது, வயிறு உப்பும், தள்ளாடிப் படுத்துவிடும். உடனே மருத்துவம் செய்யாவிட்டால் இறந்தும் போகும். எங்கள் ஆயா ஒரு பிடிப் பொங்கலை மட்டும் வாழையிலையில் வைத்து ஊட்டிவிட்டுச் சட்டியை மூடிவிடுவார். “ஆசைக்கு ஒரு பிடி, அதுக்கு மேலே பகை” என்பார்.

கோழிகள் நடுப்பகலில் எருக்குழியைக் கிளறும். அடைக்கோழி மட்டும் கூடைக்குள் இருக்கும். 21 நாள் அது முட்டைகளை அலகால் புரட்டிப் புரட்டிக் காக்கும். புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஏழாம் நாள் இரவு என் தங்கை ஒவ்வொரு முட்டையாக எடுத்து விளக்கொளிக்கு நேரே பிடிப்பாள். உள்ளே சிலந்திக் கால்கள் போலச் செந்நரம்புகள் தெரிந்தால் கரு உண்டு. தெளிவாக இருந்தால் கூமுட்டை. நான் படித்த உயிரியல் நூலில் கருவின் வளர்ச்சி பற்றிய படம் வருவதற்கு முன்பே, அவள் அதை உயிரோடு பார்த்துவிட்டாள்.

இரவில் காவல் மணியினுடையது. நாயைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் மாவட்டத்தின் பழம்பெருமை ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. செங்கம் வட்டாரத்து நடுகற்கள் புகழ்பெற்றவை. ஆநிரைகளைக் கவர வந்தவரோடு பொருதும், மீட்கச் சென்றும் மாண்ட வீரர்களுக்காக எடுக்கப்பட்டவை அவற்றுள் பல. அவ்வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டு. தன் எருமைகளைக் காக்கும் போராட்டத்தில் ஒருவன் உயிர் துறந்தான். அவனோடு இருந்த கோவிவன் என்னும் நாய், கள்வர் இருவரைக் கடித்து, அவனருகே காவல் நின்றது. அந்தச் செய்தி கல்லில் எழுதப்பட்டுள்ளது; நாயின் உருவமும் வீரனின் பக்கத்தில் செதுக்கப்பட்டுள்ளது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் மாண்ட பெருமக்கள் எத்தனையோ பேரின் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு நாயின் பெயர் தெரிகின்றது. நம் காலத்துக்கு அருகிலும் இத்தகைய நினைவு உண்டு. திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் 1926இல் கன்றாக வந்து 1948இல் மறைந்த லட்சுமி என்னும் பசுவுக்கு நினைவிடம் இருக்கின்றது. விலங்குக்கும் பெயரிட்டு, அப்பெயரை மறவாமல் காப்பது இம்மண்ணின் பழக்கம்.

இனி, தவறிய அந்த ஒரு கட்டளையைச் சொல்கின்றேன்.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்த ஆண்டு, மார்கழி மாதத்து இரவு ஒன்றில் செவலை தன் முதற்கன்றை ஈன்றாள். நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒரு கிடேரிக் கன்று. செவலை அதை நக்கி நக்கி உலர்த்தினாள். அரைமணி நேரத்தில் கன்று நான்கு காலையும் பரப்பி எழுந்து நின்று மடியைத் தேடிற்று. நான் அதைக் காம்பின் அருகே தள்ளினேன். ஆயா என் கையைத் தட்டிவிட்டார்.

“கொடி விழறதுக்கு முன்னாலே சீம்பாலைத் தொடக்கூடாது. தாய்க்கு ஆகாது.”

நஞ்சுக்கொடி விழுந்த பிறகே சீம்பால் கறப்பதும் கன்றை ஊட்டவிடுவதும் அவர் கண்டு வளர்ந்த வழக்கம். கன்றைத் தூரக் கட்டினோம். அது கத்திற்று. செவலையும் கத்தினாள். நஞ்சுக்கொடி மறுநாள் பிற்பகல் வரை விழவில்லை. அது விழுந்த பிறகு கன்றை அவிழ்த்து விட்டோம். அப்போது அதற்குக் குடிக்கும் தெம்பு குறைந்திருந்தது. ஐந்தாம் நாள் வெள்ளைக் கழிச்சல் கண்டது. அப்பா கால்நடை மருத்துவரை அழைத்து வந்தார். மருந்து கொடுத்தும் பயனில்லை. ஒன்பதாம் நாள் காலை நான் தொழுவத்துக்குப் போனபோது கன்று எழவில்லை. வரப்போரம் குழி தோண்டிப் புதைத்தோம். செவலை மூன்று நாள் அந்தத் திசையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்; கறக்கப் போனால் பாலை அடக்கிக்கொண்டாள்.

கன்றைப் பார்க்க வந்த மருத்துவர் அம்மையார் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. சீம்பால் எப்போது கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். பிறகு திண்ணையில் அமர்ந்து எனக்கு விளக்கினார். மனிதக் குழந்தை கருவிலிருக்கும்போதே தாயின் இரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே அதற்குச் சென்றுவிடுகின்றன. பசுவின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு. அது அப்பொருள்களைக் கடக்க விடாது. ஆகவே கன்று பிறக்கும்போது கவசமின்றிப் பிறக்கின்றது. அக்கவசத்தைத் தாய் சீம்பாலில் வைத்திருக்கின்றாள். பிறந்த கன்றின் குடல், அப்பொருள்களைச் சிதைக்காமல் முழுமையாக இரத்தத்துக்குள் விடும் தன்மையுடையது. ஆனால் அந்தக் கதவு மணிக்கு மணி மூடிக்கொண்டே வருகின்றது. ஒரு நாள் கழிந்தால் முற்றிலும் மூடிவிடும். பிறகு எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அது உணவாகுமே அன்றிக் கவசமாகாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதற் சீம்பால் கொடுக்கவேண்டும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவை முதல் நாளிலேயே பலமுறையாகக் கொடுத்துவிடவேண்டும்.

“நஞ்சுக்கொடி?” என்று கேட்டேன்.

“கன்று ஊட்டும்போது பால் இறங்கச் செய்கிற அதே இயக்குநீர் கருப்பையையும் சுருங்கச் செய்யும். கன்று குடித்தால் கொடி விழுவதற்கு அது உதவி செய்யும், தம்பி. இடையூறு செய்யாது” என்றார்.

ஆறேழு நிமிட அவசரத்துக்குக் காரணமான அதே இயக்குநீர்! ஆயாவின் ஒரு கட்டளை சரி என்று காட்டிய அதே அறிவு, மற்றொரு கட்டளை தவறு என்று காட்டிற்று.

அடுத்த ஈற்று ஓராண்டுக்கும் சற்றே பிந்தி வந்தது. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். அத்தனை நாளும் நான் ஆயாவிடம் எப்படிச் சொல்வதென்று எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபது ஆண்டு மாடு வளர்த்தவரிடம், புத்தகம் சொல்லுகிறது என்று சொன்னால் ஏற்பாரா? ஒருநாள் அவரே வழி காட்டினார். கோமாரித் தடுப்பூசி போட ஊருக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். சிலர் பால் குறைந்துவிடும் என்று மாட்டை ஒளித்து வைத்தார்கள். ஆயா எல்லாருக்கும் முன்னால் செவலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏன் என்று கேட்டதற்கு இந்த முறை காரணம் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது வெக்கை நோய் வந்து ஒரே வாரத்தில் தெருத்தெருவாகத் தொழுவங்கள் வெறுமையாயினவாம். பிறகு ஊசி வந்தது, வெக்கை போயிற்று.

அவர் கண்டது வரலாறு. நம் பழைய வடாற்காடு மாவட்டத்து இராணிப்பேட்டையில் 1932இல் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இத்தகைய தடுப்பு மருந்துகளைச் செய்து கொடுத்தது. 1954இல் நாடளாவிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. 2011இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் பூண்டோடு ஒழித்த நோய் வெக்கை ஒன்றே.

“ஆயா, கன்றுக்குச் சீம்பால்தான் முதல் ஊசி. நேரம் தவறினால் ஏறாது” என்றேன். மருத்துவர் சொன்னதை முழுவதும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

இரண்டாவது கன்று பிறந்த இரவு, நான் அருகில் செல்லுமுன் ஆயாவே அதைத் தூக்கி நிறுத்தினார். கையால் காம்பைப் பிடித்து அதன் வாயில் வைத்தார். கன்று சப்புக்கொட்டிக் குடித்தது. அப்பா தொப்புள் கொடிக்கு அயோடின் தடவினார். ஐந்தாறு மணி நேரத்தில் நஞ்சுக்கொடி தானே விழுந்தது. அது விழாமல் அரைநாளுக்குமேல் தங்கினால் மருத்துவரை அழைக்கவேண்டும். அதில் கல்லையோ செங்கல்லையோ கட்டித் தொங்கவிடுவதும், பிடித்து இழுப்பதும் கருப்பையைக் கெடுத்துவிடும். விழுந்த கொடியைப் புதைத்துவிட்டு வந்து ஆயா கன்றின் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, “இது தெரியாம எத்தனை கன்னைச் சாகக் கொடுத்தேனோ” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த ஒரு சொல்லில் நான் கற்றது அதிகம். அறுபது ஆண்டு அனுபவத்தை ஓர் இரவில் திருத்திக்கொள்ளும் பெருமனம் எல்லாருக்கும் வாய்ப்பதன்று. பழையது என்பதற்காக ஒன்றை ஏற்பதும் அறிவன்று; பழையது என்பதற்காகவே தள்ளுவதும் அறிவன்று. பனி உலர்ந்தபின் மேய்க்கச் சொன்னதும் ஆயாதான். சீம்பாலைத் தடுத்ததும் ஆயாதான். ஒன்று கண்ணால் கண்டு தேர்ந்தது. மற்றொன்று காதால் கேட்டு வந்தது. இரண்டையும் பிரித்துக் காட்டியது ‘ஏன்’ என்ற ஒரு கேள்வி. சுட்டிக் கன்று போன பிறகு அக்கேள்வியை அடக்கி வைப்பது எனக்குப் பாவமாகவே தோன்றுகின்றது.

இன்று எங்கள் ஊர் மாறிவிட்டது. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலிலேயே அமைந்தது. 2024இல் திருவண்ணாமலை மாநகராட்சியாயிற்று. மேய்ச்சல் நிலமாக இருந்த இடங்களில் வீடுகள் எழுந்துள்ளன. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலைவலம் வரும் பெருந்திரளுக்கு அன்பர்கள் உணவளிக்கின்றார்கள். அவர்கள் விட்டுச்செல்லும் மிச்சச் சோற்றையும் பிளாஸ்டிக் பைகளையும் அவிழ்த்துவிட்ட மாடுகள் தின்கின்றன. சோறு புளிக்கும், பை செரியாது, வயிற்றிலேயே தங்கும். நொதித்தொட்டியைப் பற்றிச் சொன்னேனே, அதனை நினைத்தால் இதன் கேடு விளங்கும். மிச்சத்தைப் பையில் கட்டி எறியாமலிருப்பது, மாடு வளர்க்காதவரும் மாட்டுக்குச் செய்யக்கூடிய உதவி.

ஆயா இன்று இல்லை. எங்கள் தொழுவத்தில் இப்போது ஒரே ஒரு பசு. செவலையின் வழியில் வந்த பேத்தி. நெற்றியில் சுட்டி உண்டு. நாலரை மணிக்குக் குரல் கொடுக்கின்றாள்.

மாணவ அன்பர்களே, அந்தக் குறள் என்னை வருத்திற்று என்று தொடக்கத்தில் சொன்னேன். இப்போது வருத்தம் இல்லை. பாலும், முட்டையும், கிடாயின் விலையும் வந்தன; செலவாயின. செவலையும் போனாள். அவள் காலடியில் நின்று ‘ஏன்’ என்று கேட்கக் கற்றது மட்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றது. கல்வி ஒன்றே ‘மாடு’ என்று வள்ளுவர் சொன்னதை நான் ஒப்புக்கொள்கின்றேன். அந்தக் கல்வியை எனக்கு மாடே தந்தது என்பதை மட்டும் அவரிடம் பணிவோடு சொல்லிக்கொள்வேன்.